பழைய என்.யு.சி. பெட்டிக்கு 32 ஜிபி ரேமும் புது எஸ்எஸ்டியும்

கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுவது என் தொழில். மேசையில் இருப்பது இன்டெல் என்.யு.சி. என்ற சின்னக் கம்ப்யூட்டர், 8ஆம் தலைமுறை ஐ5 பிராசஸர் வைத்த உயரமான மாடல், என்.யு.சி.8ஐ5பி.இ.எச். என்று அடியில் போட்டிருக்கும். நீள அகலம் 12 சென்டிமீட்டருக்குள், உயரம் 5 சென்டிமீட்டர் சொச்சம், அவ்வளவுதான் பெட்டி. இதை வாங்கும்போது ரேமும் வராது, டிஸ்க்கும் வராது, நாமே வாங்கிப் போட வேண்டும். அன்றைக்குக் கையிலிருந்த காசுக்கு ஒரே ஒரு 8 ஜிபி ரேமும், பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய 1 டிபி ஹார்டுடிஸ்க்கும் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டிவிட்டேன்.

இந்த முகூர்த்த சீசனில் முடியவில்லை. 12க்கு 36 அங்குல ஷீட், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 10,800க்கு 3,600 பிக்சல், கிட்டத்தட்ட 3.9 கோடி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் லேயர்களில் ஒன்று முழுசாக நிரம்பினாலே 110 எம்பிக்கு மேல் போகும், ஒரு ஷீட்டில் 15, 20 லேயர் என்பது எங்கள் வேலையில் சாதாரணம், அதோடு பின்னால் போய்த் திருத்துவதற்காக ஒவ்வொரு படியையும் போட்டோஷாப் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளும். 8 ஜிபியில் விண்டோஸும் பிரவுசரும் தின்றது போக மிச்சத்தில் இதெல்லாம் எங்கே கொள்ளும்? கொள்ளாததை டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும், அந்த டிஸ்க்கோ நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிற பழசு. மாலை ஓரத்தை மாஸ்க் பண்ண பிரஷை இழுத்தால் கை முதலில் போகும், கோடு பின்னால் வரும்.

அதனால் ரேம் மட்டுமா, டிஸ்க் மட்டுமா என்று யோசித்து, கடைசியில் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன். உங்களுக்கு ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்எஸ்டியை, அதாவது சுற்றாமல் சிப்பிலேயே சேமிக்கிற வேகமான டிஸ்க்கை, முதலில் போடுங்கள். ரேம் போதாமல் போகும்போது அடி வாங்குவது டிஸ்க்தான், அது வேகமாக இருந்தால் பாதி வலி குறையும்.

ரேம் விஷயத்தில் இந்தப் பெட்டிக்கு வேண்டியது லேப்டாப் ரேம், டிடிஆர்4, 1.2 வோல்ட். பெரிய டெஸ்க்டாப்புக்கான நீளமான ஸ்டிக் உள்ளே போகாது. இரண்டு ஸ்லாட். நான் க்ரூஷியல் 16 ஜிபி இரண்டு வாங்கினேன், 2666 வேகம் என்று போட்டிருக்கும், ஆனால் இதில் 2400லேயே ஓடும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. 32ஐ ஒரே ஸ்டிக்காக வாங்காமல் இரண்டாக வாங்கியதற்குக் காரணம் உண்டு. இதில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பிராசஸரோடு இருக்கும் கிராபிக்ஸ் இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரு ஸ்டிக் என்றால் ஒரு வழிப் பாதை, இரண்டு போட்டால் பாதை இரட்டிப்பாகும். பெரிய ஷீட்டை ஜூம் பண்ணி நகர்த்தும்போது இது நன்றாகவே தெரிகிறது.

எஸ்எஸ்டியில்தான் ஒரு முறை ஏமாந்தேன். இந்தப் பெட்டியில் அதற்கு எம்.டூ என்ற ஸ்லாட் இருக்கிறது, பட்டையான சின்ன அட்டை மாதிரி எஸ்எஸ்டி அதில் செருகும். முதலில் போன கடையில் "எம்.டூ எல்லாம் ஒண்ணுதாண்ணே, இதையே போடுங்க" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் தங்க நிற முனையில் இரண்டு வெட்டு. அது சாட்டா என்கிற பழைய, மெதுவான வகை. இந்த ஸ்லாட்டில் அதுவும் வேலை செய்யும், ஆனால் வேகம் விநாடிக்கு 550 எம்பி பக்கம் நின்றுவிடும். என்விஎம்இ என்கிற வேகமான வகைக்குப் பெரும்பாலும் ஒரு வெட்டுதான் இருக்கும். சீல் உடைக்காததால் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் வேறு கடையில் டபிள்யூ.டி. புளூ எஸ்.என்.570, 1 டிபி கேட்டு வாங்கினேன். படிக்கும் வேகம் 3,500 எம்பி வரை, 5 வருஷ வாரண்டி, 600 டிபி வரை எழுதலாம் என்கிறார்கள். ஒரு நாளைக்கு 100 ஜிபி எழுதினாலும் 6,000 நாள் கணக்கு வருகிறது, என் மாதிரி எழுதித் தள்ளுகிறவனுக்கு அந்த எண்தான் முக்கியம்.

மாட்டுவது கால் மணி நேர வேலை. அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, கவிழ்த்து, நான்கு மூலை ஸ்க்ரூவையும் தளர்த்தினால் போதும், அவை கழன்று விழாது. மூடியை மட்டும் வெடுக்கென்று தூக்காதீர்கள்! 2.5 அங்குல டிஸ்க் மூடியோடுதான் இருக்கும், அதிலிருந்து மெல்லிய பட்டை கேபிள் போர்டுக்குப் போகும். ரேமைச் சாய்வாகச் செருகி அழுத்தினால் இரண்டு பக்கமும் கிளிப் 'டக்' என்று பிடிக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். எஸ்எஸ்டியைச் செருகியதும் அது ஒரு முனை தூக்கிக்கொண்டு நிற்கும், அப்படித்தான் நிற்க வேண்டும், விரலால் அமுக்கிப் பிடித்து ஸ்க்ரூ போட வேண்டும். அந்த ஸ்க்ரூ மிளகில் பாதி கூட இருக்காது. ஒரு எவர்சில்வர் மூடியில் போட்டு வைத்துக்கொண்டேன்.

முதல் தடவை ஆன் பண்ணியபோது திரை கறுப்பாகவே இருந்தது, நெஞ்சு திக்கென்றது. புது ரேமைப் பார்த்தால் அது கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும், பதறி ஆஃப் பண்ணாமல் காத்திருங்கள். அப்புறம் எஃப்2 அழுத்தி 32 ஜிபி காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போட்டேன். போர்டு மாறாததால் லைசென்ஸ் தானே வந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, 11க்கு இன்டெலில் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. இதைவிட ஒரு தலைமுறை பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் செலவு பண்ணுவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பிரஷ் கையோடு வருகிறது. நாற்பது ஷீட் ஆல்பத்தை வரிசையாக ஜேபெக் ஆக்கப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவேன், இப்போது டீ குடித்து முடிப்பதற்குள் முடிகிறது. குறை என்றால் ஃபேன் சத்தம். ஏற்றுமதி நேரத்தில் நன்றாகவே இரைகிறது, ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றியதால் அது குறையவில்லை. தூசி தட்டலாம் என்றால் ஃபேன் போர்டின் அந்தப் பக்கம் இருக்கிறது, போர்டையே வெளியே எடுக்க வேண்டும்.

இன்டெல் 2023இல் என்.யு.சி. தயாரிப்பை நிறுத்திவிட்டது, அசூஸ் தொடர்கிறது. புதிதாகச் சின்னப் பெட்டி வாங்குபவர்கள் ரேம் ஸ்லாட் தனியாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இப்போதைய மேக் மினி போன்றவற்றில் ரேம் சிப்போடு சேர்ந்தே வருகிறது, பிறகு ஏற்ற வழியே இல்லை. நான் சேர்ந்தாற்போல் காசு போடாமல் முடிந்தபோது முடிந்ததைப் போட்டுத் தொழில் நடத்தினேன் என்றால், அதற்கு இந்த இரண்டு ஸ்லாட்டுகள்தான் இடம் கொடுத்தன.

பழைய ஹார்டுடிஸ்க்கை எடுக்கவில்லை. மூடியிலேயே விட்டுவிட்டேன். ஆல்பம் பிரின்ட் ஆகிக் கல்யாண வீட்டுக்காரர்கள் கையில் வாங்கும்வரை ஒரிஜினல் படங்களின் ஒரு பிரதி அதில் இருக்கும்.