டார் கட்டளையுடன் சில ஆண்டுகள்: இராமநாதபுரம் கரையிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை வழியாக ஏர்வாடி வரையுள்ள கடற்கரை ஊர்களில் மீனவர்களின் பேச்சையும், வேலை செய்யும்போது அவர்கள் பாடும் அம்பாப் பாட்டுகளையும் பதிவு செய்து சேர்த்துவரும் ஒரு சிறு குழுவில், கோப்புகளைப் பாதுகாக்கும் பொறுப்பு என்னுடையது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் எந்த மீன் எந்தப் பக்கம் படும் என்பதை விளக்கும் முதியவர்களின் குரல், கடற்பாசி எடுக்கும் பெண்களின் உரையாடல், வல்லங்களின் படங்கள், பழைய ஏலக் கணக்கேடுகளின் ஸ்கேன் பிரதிகள் ஆகியவை எங்களிடம் உள்ளன. இவற்றைக் கட்டிவைக்கவும் வேண்டும்போது பிரித்தெடுக்கவும் லினக்ஸ் கணினியில் டார் என்னும் கட்டளைவரிக் கருவியை (பல கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டும், தட்டச்சிட்ட கட்டளையால் இயங்கும் கருவி) பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். இதே வேலையில் இருப்பவர்கள் எந்தக் கருவியை, எந்த முறையில் தேர்ந்துகொள்ளலாம் என்று முடிவெடுக்க என் அனுபவம் உதவக்கூடும்.

டார் 1979-இல் வெளிவந்த யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்புடன் வந்தது. காந்த நாடாவில் கோப்புகளை வரிசையாக எழுதுவதற்காக உருவாக்கப்பட்டதால் அதன் அமைப்பு மிக எளிமையானது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட் கொண்ட ஒரு தலைப்புப் பகுதி இருக்கும். கோப்பின் பெயர், அளவு, உரிமையாளர், அனுமதி, கடைசியாகத் திருத்திய நேரம் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். அதன் பின் கோப்பின் உள்ளடக்கம் 512 பைட்டின் மடங்காக நிரப்பப்பட்டு வரும். அடுத்த கோப்பின் தலைப்பு அதற்கு அடுத்தே தொடங்கும். தொகுப்பின் முடிவை இரண்டு வெற்றுப் பகுதிகள் காட்டும். இவ்வளவுதான் அதன் கட்டமைப்பு. டார் தானாக எதையும் சுருக்குவதில்லை. சுருக்கும் வேலையை ஜிசிப், எக்ஸ்இசட், இசட்எஸ்டிடி போன்ற வேறு கருவிகளிடம் ஒப்படைக்கிறது. கட்டுவதும் சுருக்குவதும் தனித்தனி வேலைகளாக இருப்பதே எங்களுக்கு இதில் கிடைத்த மிகப் பெரிய நன்மை.

அன்றாடப் பயன்பாட்டுக்கு நான்கு எழுத்துகள் போதும்: உருவாக்க ‘சி’, பிரித்தெடுக்க ‘எக்ஸ்’, உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிட ‘டி’ (t), தொகுப்பின் பெயரைக் குறிப்பிட ‘எஃப்’. எஃப் எழுத்துக்கு அடுத்து வருவதையே டார் கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும் என்பதால், சிறு கோட்டுடன் எழுத்துகளைச் சேர்த்து எழுதும்போது எஃப் கடைசியில் வருமாறு பழகிக்கொள்வது நல்லது. உருவாக்கும்போது அதே பெயரில் பழைய தொகுப்பு இருந்தால், கேட்காமலே அதன் மேல் எழுதிவிடும். பிரித்தெடுக்கும்போதும் அப்படியே, ஏற்கெனவே உள்ள கோப்புகளைக் காக்க வேண்டுமானால் ‘கே’ என்ற தெரிவைச் சேர்க்க வேண்டும். வெளியிலிருந்து வரும் எந்தத் தொகுப்பையும் முதலில் ‘டி’ கொடுத்துப் பார்த்து, பிறகு ஒரு புதிய கோப்புறையை உருவாக்கி, பெரிய எழுத்து ‘சி’ (C) தெரிவின் மூலம் அதற்குள் மட்டும் பிரித்தெடுப்பது எங்கள் குழுவில் மாறாத வழக்கம். கட்டளைவரி என்றாலே தயங்கும் இளைஞர்களுக்கும் இந்த அளவை ஒரு மாலைப் பொழுதில் சொல்லிக் கொடுத்துவிட முடிகிறது.

சுருக்கத்தைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் பெரும்பாலும் எது மிகச் சிறிய கோப்பைத் தருகிறது என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. எங்களிடம் உள்ள பொருளுக்கு அந்தக் கேள்வி அவ்வளவாகப் பொருந்தாது. ஜேபெக் படங்கள் முன்பே சுருக்கப்பட்டவை. அவற்றை ஜிசிப்பில் இட்டாலும் எக்ஸ்இசட்டில் இட்டாலும் நேரம் செலவாகுமே தவிர அளவு குறைவதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரு வழி ஒலியாகப் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபிக்குச் சற்று அதிகமாக இடம் பிடிக்கும். அத்தகைய வேவ் கோப்பைப் பொதுச் சுருக்கிகள் சிறிதளவே குறைக்கின்றன. ஒலிக்கென்றே அமைந்த ஃபிளாக் வடிவம் தரத்தில் எதையும் இழக்காமல் அதைவிட மிக நன்றாகக் குறைப்பதோடு, பதிவு பழுதுபடாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் வழியையும் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே ஒலிகளை ஃபிளாக்கில் மாற்றி, படங்களை உள்ளபடியே வைத்து, இரண்டையும் சுருக்கப்படாத டார் தொகுப்பாகக் கட்டுகிறோம். எழுத்துப் பெயர்ப்புகள், அட்டவணைகள் போன்ற உரைக் கோப்புகளை மட்டுமே சுருக்குகிறோம். அவை பல மடங்கு சுருங்குகின்றன.

எக்ஸ்இசட் உரைக்கு மிகச் சிறிய கோப்பைத் தரும் என்பது உண்மைதான். ஆனால் அதன் ஒன்பதாம் நிலையில் சுருக்குவதற்கு 674 எம்ஐபி (மெபிபைட்) நினைவகம் தேவைப்படுவதால் எங்கள் பழைய மடிக்கணினி திணறுகிறது. 2024 மார்ச் மாத இறுதியில் அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் மறைத்து வைக்கப்பட்ட பின்கதவை (வெளியாள் ரகசியமாக நுழைய உதவும் நிரலை) ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற மென்பொருளாளர் கண்டுபிடித்து அறிவித்தார். நிரலர்கள் அந்தப் பதிப்புகளை உடனே விலக்கினார்கள். நான் எக்ஸ்இசட்டைத் தேர்ந்துகொள்ளாததற்கு அந்தச் செய்தி காரணமல்ல. எங்கள் உரைக் கோப்புகளுக்கு ஜிசிப்பே போதுமானதாக இருப்பதாலும், எந்தக் கணினியிலும் அது திறப்பதாலும் ஜிசிப்புடனேயே இருக்கிறேன்.

இந்தக் கரையில் தகவல் சேமிப்புக்குப் பெரும் எதிரி உப்புக்காற்று. கடலை ஒட்டிய வீடுகளில் மின்விசிறியின் இறக்கை முதல் கணினியின் இணைப்பு முனைகள் வரை எல்லாம் துருவேறுகின்றன. ஹார்டு டிஸ்க்கும் அதற்கு விலக்கல்ல. எங்கள் வெளி வட்டு ஒன்று சில பகுதிகளைப் படிக்க முடியாத நிலைக்கு வந்தபோதுதான் சுருக்காத தொகுப்பின் அருமை முழுமையாகப் புரிந்தது. படிக்க முடிந்தவற்றை எல்லாம் முதலில் டிடிரெஸ்க்யூ கருவியால் வேறொரு வட்டுக்கு மாற்றினோம். அந்தப் பிரதியிலிருந்த ஒலித் தொகுப்பை டார் பிரிக்கத் தொடங்கியபோது, ஒரு கோப்பின் தலைப்பு அழிந்திருந்த இடத்தில், அடுத்த தலைப்பைத் தேடிச் செல்வதாக ஒரு செய்தியைக் காட்டிவிட்டு மேலே நகர்ந்தது. சேதமடைந்த இடத்திலிருந்த பதிவு மட்டுமே போனது, அதற்குப் பின்னாலிருந்தவை அனைத்தும் கிடைத்தன. அதே வட்டில் ஜிசிப் கொண்டு சுருக்கப்பட்டிருந்த உரைத் தொகுப்பு, சேதம் வந்த இடத்தோடு நின்றுவிட்டது. சுருக்கப்பட்ட ஓடையில் பின்னால் வருவதைப் புரிந்துகொள்ள முன்னால் வந்தது தேவைப்படுகிறது; வலையில் ஒரு கண் அறுந்தால் அந்தக் கண்ணோடு போகும், திரித்த கயிறு நடுவில் அறுந்தால் அதற்கப்பால் பிடிப்பு இருக்காது. உரைக்கு வேறு பிரதி இருந்ததால் இழப்பு ஏற்படவில்லை.

இங்கே டாரின் ஒரு பலவீனத்தையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தலைப்புப் பகுதி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு கூட்டுத்தொகை அதனுள் உண்டு. உள்ளடக்கத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பதிவின் நடுவில் பைட்டுகள் மாறிப்போனாலும் டார் எந்தக் குறையும் சொல்லாமல் அதைப் பிரித்துக் கொடுத்துவிடும். இதை அறியாமல் டாரை மட்டும் நம்பியிருப்பது ஆபத்தானது. ஆகவே தொகுப்பைக் கட்டும் முன்பே ஒவ்வொரு கோப்புக்கும், உள்ளடக்கம் சிறிது மாறினாலும் காட்டிக்கொடுக்கும் ஷா-256 கூட்டுத்தொகையைக் கணக்கிட்டு ஒரு பட்டியலாக எழுதி, அந்தப் பட்டியலைத் தொகுப்புக்குள் ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைக்கிறோம். முக்கியமான தொகுப்புகளுக்கு பார்2 கருவியால் மீட்புக் கோப்புகளையும் சேர்த்து உருவாக்குகிறோம். பத்து விழுக்காடு கூடுதல் இடம் கொடுத்தால் ஏறத்தாழ அந்த அளவு சேதத்தைச் சரிசெய்ய முடியும். கட்டி முடித்த உடனே டாரின் ‘டி’ என்ற இன்னொரு தெரிவு, அதாவது சிறு கோட்டுக்குப் பின் ஆங்கிலத்தின் நான்காம் எழுத்து, தொகுப்பையும் மூலக் கோப்புகளையும் ஒப்பிட்டுக் காட்டுகிறது. மின்சாரம் நின்று வேலை பாதியில் அறுபடும் வாய்ப்பு ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அதிகம் என்பதால், தற்காலிகப் பெயரில் தொகுப்பை எழுதி, ஒப்பீடு முடிந்த பிறகே நிரந்தரப் பெயரை இடுகிறோம். ஒரு பிரதி கடலிலிருந்து தள்ளி, பரமக்குடியில் ஒரு நண்பர் வீட்டில் இருக்கிறது.

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய செய்திகள் சில உண்டு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும். உயிர்மெய்யின் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்கில் வரும். ‘தங்கச்சிமடம்’ நமக்கு எட்டு எழுத்து. கணினிக்கு 12 குறிகள், 36 பைட். பழைய டார் வடிவத்தில் பெயருக்கு 100 பைட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. ஊர், நாள், பேசியவர் என்று நீளும் தமிழ்ப் பெயர் அதில் அடங்காது. லினக்ஸில் பொதுவாக உள்ள க்னூ டாரின் இயல்பு வடிவமும், 2001-ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்த பாக்ஸ் வடிவமும் இந்தத் தடையை நீக்கிவிட்டன. நான் பாக்ஸ் வடிவத்தையே விரும்புகிறேன்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று ‘தொண்டி’ என்ற கோப்புறையில் வந்தது. ஒகரக் குறியை யுனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, துணைக்கால் என இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும். அங்கிருந்து டாரில் கட்டி வந்த தொகுப்பை லினக்ஸில் பிரித்தபோது, பார்வைக்கு முற்றிலும் ஒன்றாகத் தோன்றும் இரண்டு ‘தொண்டி’ கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. டார் பெயரைப் பைட் பிசகாமல் காப்பாற்றுகிறது. இரண்டும் ஒரே சொல் என்பது அதற்குத் தெரியாது. கன்வ்எம்வி என்ற கருவியால் எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிய பிறகே இப்போது தொகுப்புகளைக் கட்டுகிறோம்.

ஜிப் வடிவத்தை நான் ஒதுக்கவில்லை. அதன் கடைசியில் உள்ளடக்க அட்டவணை இருப்பதால் பெரிய தொகுப்பிலிருந்து ஒரே ஒரு கோப்பை விரைவாக எடுக்க முடிகிறது. ஜிசிப்பால் சுருக்கிய டாரிலோ தொடக்கத்திலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும். ஆனால் ஜிப்பின் அடிப்படை வடிவம் நேரத்தை இரண்டு நொடித் துல்லியத்தில், நேர மண்டலம் இல்லாமல் எழுதுகிறது. விடியற்கால ஏலத்தின் பதிவு எந்த நேரத்துக்கு உரியது என்பது ஆய்வுக்கு முக்கியம் என்பதால் இது எங்களுக்குப் பொருந்தவில்லை. பெயர்கள் யூடிஎஃப்-8-இல் உள்ளன என்று காட்டும் அடையாளமும் அதன் விவரக்குறிப்பில் 2006-இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய மென்பொருளில் உருவான ஜிப் கோப்புகளில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்தே கிடைக்கின்றன.

பெரிய தொகுப்புகளை எடுத்துச் செல்லும்போது இன்னொரு தடை வருகிறது. பென் டிரைவ்கள் பல ஃபேட்32 வடிவில் வருகின்றன. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியை எட்டக்கூடாது. டாருக்கே பல பகுதிகளாக எழுதும் தெரிவு இருந்தாலும் சுருக்கத்துடன் அது சேராது என்பதால், ஸ்பிளிட் கட்டளையால் துண்டாக்கி, பெறுபவர் கேட் கட்டளையால் ஒட்டிக்கொள்ளுமாறு கொடுக்கிறோம். மாறிய கோப்புகளை மட்டும் கட்டும் படிநிலைத் தொகுப்பு வசதியைச் சிறிது காலம் வைத்திருந்து நிறுத்திவிட்டேன்; அந்த முறையில் மீட்கும்போது, தொகுப்பு எடுத்த நாளில் அந்தக் கோப்புறையில் இல்லாத கோப்புகளை டார் நீக்கிவிடும். பலர் கைபடும் கணினியில் அது ஏற்றதல்ல.

பேசியவர்களின் குடும்பத்தாருக்கு அவரவர் பதிவைக் கொடுக்கும்போது எம்பி3 கோப்புகளை ஜிப்பாகவோ, கட்டாமல் அப்படியேவோ கொடுக்கிறோம். அவர்கள் கைபேசியில் கேட்பார்கள். கல்லூரி ஆய்வாளர்களுக்கு டார் தொகுப்பே செல்கிறது. விண்டோஸ் 10-இன் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து டார் கட்டளை உடன் வருவதால், அவர்கள் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. தொகுப்போடு, எந்தக் கட்டளையை அடித்தால் திறக்கும், கூட்டுத்தொகையை எப்படிச் சரிபார்ப்பது என்ற விளக்கத்தைத் தமிழில் எழுதிய ஒரு சிறு உரைக் கோப்பையும் வெளியில் வைத்தே அனுப்புகிறோம்.