பூட்டை உடைப்பவர்களுக்கு யார் துணை? மூன்று அமைப்புகள், மூன்று வழிகள்

இரவில் முகமூடியோடு ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்து விலங்குகளை எடுத்துப் போகிறவர்கள் ஒரு பக்கம். சந்தா வாங்கி, ரசீது கொடுத்து, சட்டத்துக்கு உட்பட்டு அதே விலங்குகளுக்காகப் போராடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது தரப்பு முதல் தரப்போடு எவ்வளவு ஒட்டிக்கொள்ளலாம்? பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கு மூன்று விதமான பதில்கள் நடைமுறையில் சோதிக்கப்பட்டிருக்கின்றன.

முதல் வழி, வீட்டுக்குள்ளேயே இடம் கொடுப்பது. 1976-ல் ரோனி லீ பிரிட்டனில் தொடங்கிய விலங்கு விடுதலை முன்னணிக்கு உறுப்பினர் அட்டையும் கிடையாது, தலைமையகமும் கிடையாது. சிறு குழுக்கள் தாங்களாகவே இறங்கிச் செய்துவிட்டு அந்தப் பெயரில் அறிவிப்பார்கள். ஆனால் சிறைக்குப் போனவர்களுக்குப் பணம் திரட்டவும் பத்திரிகைகளிடம் பேசவும் வெளியே யாராவது வேண்டுமே. விலங்குகளில் செய்யும் சோதனைகளை எதிர்த்து 1898-ல் தொடங்கிய பி.யு.ஏ.வி. என்ற பழம்பெரும் அமைப்பு, 1980களின் தொடக்கத்தில் முன்னணியின் ஆதரவாளர் குழுவுக்குத் தன் அலுவலகத்திலேயே இடம் கொடுத்தது. 1984-ல் உறவு முறிந்தது. அதே ஆண்டுதான் கடைகளில் இருக்கும் மார்ஸ் சாக்லேட்டில் விஷம் வைத்திருக்கிறோம் என்று முன்னணியின் பெயரில் மிரட்டல் வந்தது. அது வெறும் புரளி. ஆனாலும் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரை அது எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. விலகிய பிறகு பி.யு.ஏ.வி. அழகுசாதனப் பொருட்களின் சோதனைக்கு எதிராக நீண்ட காலம் பிரச்சாரம் செய்தது. பிரிட்டனில் அந்தச் சோதனைகள் 1998-ல் நின்றன. விலங்குகளில் சோதித்த அழகுசாதனப் பொருட்களை விற்கவே ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் தடை போட்டது.

இரண்டாவது, கதவைத் திறந்தே வைத்திருக்கும் பீட்டாவின் வழி. 2017 மெரினாவுக்குப் பிறகு பீட்டா என்றாலே நமக்கு ஜல்லிக்கட்டுதான் நினைவுக்கு வரும். அந்தக் கோபத்தைச் சற்று ஓரமாக வைத்துவிட்டு அதன் தொடக்க ஆண்டுகளைப் பாருங்கள். 1981-ல் அதன் இணை நிறுவனர் அலெக்ஸ் பச்சேகோ, மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரிலிருந்த ஆய்வுக்கூடத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, 17 குரங்குகளின் நிலையைப் படம் எடுத்துப் போலீஸிடம் கொடுத்தார். போலீஸ் உள்ளே புகுந்தது. பூட்டு எதுவும் உடைபடவில்லை. பீட்டாவை நாடறியச் செய்த வழக்கு அதுதான்.

1984 மே மாதம் முன்னணி பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் தலைக்காய ஆய்வுக்கூடத்தை உடைத்து, 60 மணி நேரத்துக்கும் மேலான வீடியோ நாடாக்களைத் தூக்கிக்கொண்டு போனது. பபூன் குரங்கின் தலையில் கவசத்தை ஒட்டி, இயந்திரத்தால் தலையைச் சடாரென்று உலுக்கி மூளையில் காயம் உண்டாக்குகிறார்கள். பிறகு அந்தக் கவசத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறார்கள். காயம்பட்ட குரங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேசுகிறார்கள். இத்தனையையும் படம் பிடித்தவர்கள் ஆய்வாளர்களேதான். பீட்டா அதை 26 நிமிடப் படமாகச் சுருக்கி ஊரெல்லாம் காட்டியது. 1985-ல் அமெரிக்க அரசு அந்த ஆய்வுக்கான நிதியை நிறுத்தியது. உடைத்தால்தான் உண்மை வெளிவரும் என்பவர்களிடம் இருக்கும் ஆகப் பெரிய ஆதாரம் இது. எளிதில் ஒதுக்கிவிட முடியாத ஆதாரமும்கூட.

ஆனால் அதே கதவு வழியாகத் தீயும் வந்தது. 1992-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிங்க் என்ற, ரோமத்துக்காக வளர்க்கப்படும் விலங்கைப் பற்றிய ஆய்வு நடந்த அலுவலகம் எரிக்கப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்ட முன்னணிக்காரர் ராட் கொரோனாடோவுக்கு 1995-ல் 57 மாதச் சிறை. அவருடைய ஆதரவுக் குழுவுக்குப் பீட்டா கொடுத்தது 45,200 டாலர். பென்சில்வேனியாவில் கிடைத்ததைப் போல உலகை உலுக்கும் படம் எதுவும் இங்கே கிடைக்கவில்லை. மிஞ்சியது சாம்பலும், இன்றுவரை எதிராளிகள் பீட்டாவின் முகத்தில் வீசும் அந்தத் தொகையும்தான்.

மூன்றாவது வழி, நடுவில் சுவர் எழுப்புவது. 1954-ல் தொடங்கிய அமெரிக்க ஹியூமன் சொசைட்டி வன்முறையை வெளிப்படையாகவே கண்டித்தது. 2008-ல் கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸில் விலங்குகளில் ஆய்வு செய்த ஒரு விஞ்ஞானியின் வீட்டில் தீக்குண்டு வைக்கப்பட்டபோது, குற்றவாளியைப் பிடிக்க 2,500 டாலர் தருவதாக அறிவித்தது. ஒருவர் தீ வைத்தவருக்காகப் பணம் கொடுத்தார், இன்னொருவர் தீ வைத்தவரைப் பிடிக்கக் கொடுத்தார். அதற்காக ஹியூமன் சொசைட்டி பல்லில்லாத அமைப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அதே 2008-ல் அதன் ஆள் அதே மாநிலத்தின் சீனோ நகர இறைச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ரகசியமாக எடுத்த படம் வெளிவந்தது. எழுந்து நிற்க முடியாத மாடுகளை ஃபோர்க்லிஃப்டால் முட்டித் தள்ளும் காட்சிகள் அதில் இருந்தன. விளைவு, 14.3 கோடி பவுண்டு மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் அதுவரை அவ்வளவு பெரிய அளவில் இறைச்சி திரும்பப் பெறப்பட்டதே இல்லை.

தீவிரவாதிகள் மிரட்டுவதால்தான் மிதவாதிகளோடு பேச ஆட்சியாளர்கள் உட்காருகிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. ஹண்டிங்டன் விவகாரம் எனக்கு நேர்மாறாகச் சொல்கிறது. விலங்குகளில் சோதனை நடத்திய அந்தப் பிரிட்டிஷ் ஆய்வு நிறுவனத்தை மூட வைக்க 1999-ல் ஷாக் என்ற இயக்கம் தொடங்கியது. 2001-ல் நிறுவனத் தலைவரை அவர் வீட்டு வாசலிலேயே கட்டையால் அடித்தார்கள். நிறுவனம் மூடப்படவில்லை. 2005-ல் பிரிட்டனிலும் 2006-ல் அமெரிக்காவிலும் கடுமையான சட்டங்கள் வந்தன. 2014-ல் ஷாக் தானே கடையைக் கட்டியது.

சுவர் எழுப்பினால் தொல்லை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. பண்ணைகளில் ரகசியமாகப் படம் எடுப்பதையே குற்றமாக்கும் சட்டங்களை அமெரிக்காவின் பல மாநிலங்கள் கொண்டுவந்தன. யூட்டாவின் 2012 சட்டத்தை 2017-ல் நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டியிருந்தது. கேமராவைக் கண்டும் பண்ணைக்காரர்களுக்குப் பயம்தான்.

இந்த மூன்றுக்கும் வெளியே, முகத்தை மறைக்காமல் உள்ளே போய் விலங்கைத் தூக்கி வந்து, நான்தான் எடுத்தேன், வழக்குப் போடு என்று நிற்பவர்களும் இருக்கிறார்கள். டைரக்ட் ஆக்‌ஷன் எவ்ரிவேர் அமைப்பினர் அந்த வகை. யூட்டா பண்ணையிலிருந்து இரண்டு பன்றிக்குட்டிகளை எடுத்த வழக்கில் 2022-ல் ஜூரி அவர்களை விடுவித்தது. மறுவருடம் கலிஃபோர்னியாவின் சொனோமாவில் அதன் இணை நிறுவனருக்கு 90 நாள் சிறை கிடைத்தது. இதில் துணிச்சல் இருக்கிறது, நேர்மையும் இருக்கிறது. தண்டனையைத் தாங்களே ஏற்றுக்கொள்கிறார்கள், யார் வீடும் எரிவதில்லை.

என் தேர்வு சீனோ வழிதான். சில்வர் ஸ்பிரிங்கில் பீட்டா போன வழியும் அதுவே. எந்த அமைப்புக்காவது நன்கொடை கொடுக்க நினைத்தால் அதன் சுவரொட்டியை விட்டுவிட்டு ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். பீட்டாவின் அந்த 45,200 டாலரும் வரிக்கணக்கில்தான் இருந்தது.