வழுக்கி நிற்பதா, ஊன்றி நிற்பதா? பவுலிங் பந்தை விடும் நேரத்து நிதானம்

காரைக்குடிப் பக்கம் பவுலிங் பழகுகிறேன் என்று சொன்னால் "எந்த டீம் தம்பி?" என்றுதான் கேட்பார்கள். நான் சொல்வது பந்தை உருட்டி பத்துப் பின்களை (புட்டி வடிவக் கட்டைகளை) சாய்க்கிற பவுலிங். மாதத்துக்கு ஒருமுறை வேலையாகச் சென்னை போகும்போது லேனில் (பந்து உருட்டும் நீளத் தளத்தில்) ஆட்டம். மற்ற நாட்களில் அப்பத்தா வீட்டு வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய கூடத்தில்), பந்து இல்லாமல், உடம்பை மட்டும் பழக்குகிறேன். பந்தை விடும் நேரத்தில் உடம்பு சாயாமல் நிற்க வேண்டும். இரண்டு வருடமாக எனக்கு இதே கவலை. அதற்கு இரண்டு வழி உண்டு. இரண்டிலும் ஆடிப் பார்த்துத்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

பந்தை விட நடந்து வரும்போது வலதுகைக்காரருக்குக் கடைசி அடி இடது கால். இடதுகைக்காரர்கள் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கால், தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டுக்கு முன்னால் தரையில் வழுக்கிக்கொண்டே போய் நின்றால் ஸ்லைடு. வைத்த இடத்திலேயே நச்சென்று நின்றால் பிளான்ட்.

ஊன்றுவதிலும் நன்மை இருக்கிறது. நடந்து வந்த வேகம் காலில் சட்டென்று நின்றுவிட, அந்த விசை இடுப்பு, தோள் வழியாகக் கைக்கு ஏறும். நேரம் சரியாக அமைந்தால் பந்து வேகமாகப் போகும், சுழற்சியும் கூடும். தரை வழுக்குமா, பிடிக்குமா என்ற கவலையும் குறைவு. முதல் ஏழெட்டு மாதம் நான் ஊன்றித்தான் ஆடினேன். யோசித்து எடுத்த முடிவு இல்லை அது. கடைசி அடியில் குதிகாலை முதலில் வைக்கிற பழக்கம் இருந்தால் கால் தானாகவே ஊன்றிக்கொள்ளும்.

ஆனால் முழங்காலைக் கணக்கில் எடுத்தால் எல்லாம் மாறிவிடுகிறது. ஒரு கேமுக்கு 10 ஃபிரேம், அதாவது பத்துச் சுற்று. ஸ்ட்ரைக் (முதல் பந்திலேயே பத்துப் பின்னும் சாய்வது) அதிகம் விழாத என்னைப் போன்றவருக்கு ஃபிரேமுக்கு இரண்டு பந்து. மூன்று கேம் ஆடினால் 60 தடவைக்குப் பக்கத்தில் வந்துவிடும். என் பந்து 12 பவுண்டு, ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ. ஊன்றி ஆடும்போது உடம்பு எடை, பந்து எடை, வந்த வேகம் எல்லாம் ஒரே அடியில் ஒரே முழங்காலில் இறங்குகின்றன. முதல் கேமில் இது தெரியாது. மூன்றாவது கேமில், வலி வருவதற்கு முன்பே, முழங்கால் மடங்க மறுக்கும். நமக்குத் தெரியாமலே நிமிர்ந்து நிற்க ஆரம்பித்துவிடுவோம். நிமிர்ந்தால் கை உயர்ந்துவிடும், பந்து தொப்பென்று லேனில் விழும், இடது தோள் பின்னால் திரும்பும், உடம்பு ஒரு பக்கம் சாயும். பார்க்கிறவர்கள் "தோளை நேரா வை" என்பார்கள். நானும் மாதக்கணக்கில் தோளைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். கோளாறு முழங்காலில் இருந்தது.

வழுக்கும்போது அதே சுமை ஓரடி, ஒன்றரை அடி தூரத்துக்குப் பரவிக் கரைந்துவிடுகிறது. காலின் முன்பாதம் முதலில் தரையைத் தொட்டு வழுக்கும். கடைசியில் குதிகால் மெதுவாக இறங்கி பிரேக் போடும். முழங்கால் மடங்கியபடியே இருக்கும். கையும் காலும் ஒன்றாக முன்னால் போவதால் பந்து தரையோடு தரையாகப் போய் இறங்குகிறது. ஒன்றரை வருடமாக இப்படித்தான் ஆடுகிறேன். மூன்றாவது கேமிலும் முதல் கேமில் நின்ற உயரத்திலேயே நிற்கிறேன் என்று போன் வீடியோ காட்டுகிறது.

எங்கள் வீட்டிலேயே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது என் அதிர்ஷ்டம். வளவைச் சுற்றி ஆத்தங்குடிக் கல். நடுவில் முற்றத்தில் பட்டியக்கல், சொரசொரப்பான கற்பலகை. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடியின் மேல் வார்த்து எடுப்பதால் முகம் வழுவழுப்பாக இருக்கும்; நடக்க நடக்க இன்னும் மினுக்கம் ஏறும். அதில் பந்து விட வருவதுபோல் நாலு அடி வைத்து வழுக்குவேன்; இடது காலில் மட்டும் காலுறை, வலது கால் வெறுங்கால். வலதுகைக்காரருக்கான பவுலிங் ஷூவும் இதே கணக்குதான்: இடது ஷூவின் அடிப்பாகம் வழுக்கும், வலது ஷூவின் அடிப்பாகம் ரப்பர், உந்துவதற்கு. அதே நாலு அடியைப் பட்டியக்கல்லில் வைத்தால் கால் பிடித்துக்கொண்டு இடுப்பு முன்னால் தள்ளும். வித்தியாசம் இரண்டே நிமிடத்தில் உடம்புக்குப் புரிந்துவிடும்.

தரையில் கோலமாவால் ஒரு கோடு இழுத்துக்கொள்வேன். கோடு கலைந்தால் ஃபவுல். லேனில் அந்தப் பந்துக்குப் புள்ளி கிடையாது. கால் பழகிய பிறகு மஞ்சப்பையில் 5 கிலோ அரிசி கட்டி, அதை ஊஞ்சல் மாதிரி வீசிக்கொண்டே வழுக்கி நிற்பேன். நின்றதும் பார்க்க வேண்டியது மூன்று. தாடை, இடது முழங்கால், கால் விரல் மூன்றும் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் இருக்கிறதா? வலது கால் பின்னால் இடப்பக்கமாக நீண்டு போயிருக்கிறதா? பந்து வலப்பக்கம் இழுப்பதற்கு அதுதான் எதிர் எடை. இடது கை பக்கவாட்டில் விரிந்திருக்கிறதா? அப்படியே அசையாமல் மூன்று எண்ணுவேன். லேனில் ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் 60 அடி; பந்து போய்ச் சேர ஏறக்குறைய இரண்டரை விநாடி. அதுவரை நிற்க முடிந்தால் சமநிலை சரி. "ஏண்டா தம்பி கொக்கு மாதிரி ஒத்தக்கால்ல நிக்கிற?" என்று அப்பத்தா கேட்டார். சொல்லிப் புரியவைத்த பிறகு இப்போது எண்ணுவது அவர்தான்.

வழுக்கும் முறைக்குப் பராமரிப்பு உண்டு. வாடகை ஷூவில் பெரும்பாலும் இரண்டின் அடிப்பாகமும் ஒரே மாதிரி இருக்கும், எவ்வளவு வழுக்கும் என்றும் முன்கூட்டித் தெரியாது. சொந்த ஷூ வாங்கினால்தான் நல்லது. அதன் அடியில் துளி ஈரம் பட்டாலும் போச்சு. ஒரு லேனில் யாரோ சிந்திய குளிர்பானத்தை நான் மிதித்துவிட்டேன். அடுத்த பந்தில் கால் ஒட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னால் போய் முட்டியோடு விழுந்தேன். இரண்டு வாரம் வீக்கம். அன்றிலிருந்து கழிவறைக்குப் போனாலும் ஷூவுக்கு உறை மாட்டாமல் போவதில்லை. ஷூவின் அடிப்பாகத்தை (சோல்) கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து வைக்கிறேன். ஊன்றி ஆடுபவருக்கு இவ்வளவு பாடு இல்லை.

இதெல்லாம் நாற்பதைத் தாண்டிய முழங்காலை வைத்துச் சொல்வது. தொடையில் வலுவுள்ள இருபது வயதுக்காரருக்கு ஊன்றுவது ஒத்துவரலாம். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டி மாதிரி இரண்டு கையாலும் விடுபவர்கள் முதுகை இன்னும் தாழ்த்துகிறார்கள். அந்த முறையில் நான் ஒரு பந்துகூட விட்டதில்லை.

வழுக்கி ஆடத் தொடங்குபவர்கள் லேனுக்குப் போனதும் பந்தைத் தொடாமல் இரண்டு தடவை வெறும் காலடி வைத்து வழுக்கிப் பாருங்கள். கால் இழுத்துப் பிடித்தால் அங்கே இருப்பவரிடம் சொல்லித் துடைக்கச் சொல்லுங்கள். அப்புறமும் பிடித்தால், சோல் மாற்றக்கூடிய ஷூவாக இருந்தால் இன்னும் வழுக்குகிற சோலை மாட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் அன்றைக்கு வேகத்தைக் குறைத்து, அடியைச் சுருக்கி ஆடுங்கள்.