தண்டல்களுக்கான ஒருநாள் பயிற்சி: 120 ரிங்கிட் கொடுத்துப் போகலாமா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், கடைவீட்டு மாடியில் நடந்த பயிற்சி இது. வேலையாட்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பாடம். மதியச் சாப்பாட்டோடு 120 ரிங்கிட். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் தண்டலாக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கிறவனாக இருக்கும் எனக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை.

காலையில் சுமார்தான். திரையில் காட்டிய படங்களில் எல்லாரும் கோட்டு போட்ட அலுவலக ஆட்கள். கலா (அரிவாள் கட்டிய நீளக் கம்பு) தூக்கிக் குலை அறுக்கிறவர் ஒருவர்கூட இல்லை.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார் பயிற்சியாளர். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சொல்லும் மூன்று தேவைகள்: நம் இஷ்டத்தோடு செய்கிறோம் என்ற உணர்வு, வேலை கைவருகிறது என்ற நம்பிக்கை, கூட இருப்பவர்களோடு ஒட்டுதல். 1971-இல் டெசி வெளியிட்ட சோதனையையும் சொன்னார். புதிர்க்கட்டை சேர்க்கும் மாணவர்களுக்குக் காசு கொடுத்துப் பழக்கி, பிறகு நிறுத்தியதும், ஓய்வு நேரத்தில் அவர்கள் அதைத் தொடுவது குறைந்துபோனது.

பக்கத்தில் இருந்த அண்ணன் எழுந்துவிட்டார். "சார், எங்க ஆளுங்க டன் கணக்குக்குத்தான் வெட்டுறாங்க. காசு வேணாங்கிறீங்களா?"

பயிற்சியாளர் மழுப்பவில்லை. கூலி நியாயமாக இருக்கணும், அதையே சாட்டையாகப் பிடித்தால்தான் மனசு விட்டுப்போகும் என்றார். சரியான பதில். ஆனாலும் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவதைப் பற்றி இன்னும் பேசியிருக்கணும். வயிறு நிறையாத ஆளிடம் மற்றதெல்லாம் எடுபடாது.

மதியம்தான் உண்மையான பயிற்சி. பெரட்டில் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடத்தில்) பேசுவதுபோல் ஒவ்வொருவரையும் பேச வைத்தார். "காய்க்குலை வெட்டாதே" என்று அதட்டுவது ஒன்று. "கீழே உதிரிப்பழம் கிடக்குதான்னு பாருங்க, காயில எண்ணெய் கம்மி, ஆலையில கழிச்சிடுவாங்க" என்று காரணத்தோடு சொல்வது வேறு. இப்போது ஆலையிலிருந்து வரும் தரச் சீட்டைப் பெரட்டில் எல்லாருக்கும் காட்டுகிறேன். இந்தோனேசியத் தம்பி ஒருவர் அவராகவே வந்து கேட்டு வாங்கிப் பார்க்கிறார். யார் யாரோடு ஜோடி என்பதையும் அவர்களிடமே விட்டுவிட்டேன். உதிரிப்பழம் பொறுக்கும் பெரியம்மா, வெயில் ஏறுமுன் மேட்டுப் பக்கத்தை முடித்துவிடுகிறேன் என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே வேலை நடக்கிறது, பழமும் தங்குவதில்லை.

கையேடு மலாயில் மட்டும் இருக்கிறது. தமிழிலும் போடுங்கள், எங்களில் பலர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கு ஒன்று: தண்டலை மட்டும் அனுப்பாதீர்கள். கிராணியும் (தோட்ட அலுவலகக் கணக்கர்) மானேஜரும் வந்து உட்காரணும். யாருக்கு எந்த நிரை (மர வரிசை) என்று பிரிப்பதும் டன்னுக்கு என்ன கூலி என்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.