சிறுபிள்ளைகளோடு மதுரைப் பயணம்: எங்கே அடங்கி இருந்தார்கள், எங்கே படுத்தி எடுத்தார்கள்

ஆறு வயது மகள், மூன்று வயது மகன். இவர்களோடு ஜெர்மனியிலிருந்து டிசம்பர் விடுமுறைக்கு மதுரை போய் வந்தோம். குழந்தைகளோடு ஊருக்குப் போகிறவர்கள் சாப்பாடு, தண்ணீர், கொசு என்றுதான் விசாரிப்பார்கள். எனக்கு இருந்த கவலை வேறு. ரயிலிலும் வரிசையிலும் காத்திருப்புக் கூடத்திலும் போனைக் கையில் கொடுக்காமல் இந்த இரண்டையும் எப்படி உட்கார வைப்பது?

ஜெர்மனியில் ஐசிஇ ரயில்களில் சிறுபிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குத் தனி அறை உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு கத்தட்டும், உருளட்டும் என்று விட்டுவிடலாம். நம்மூர் ரயிலில் அதெல்லாம் கிடையாது. ஆனால் திறந்த ஜன்னல் இருக்கிறதே! எழும்பூரிலிருந்து வைகை எக்ஸ்பிரஸில் ஏசி சேர் காரை விட்டுவிட்டு, வேண்டுமென்றே இரண்டாம் வகுப்பு உட்காரும் பெட்டியில் பதிவு செய்தேன். "வெளிநாட்டுல இருந்து வந்து இதுலயா போறீங்க?" என்று மச்சான் சிரித்தார். ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை, ஆனால் சீட்டும் தரமாட்டார்கள். முழுக் கட்டணம் கட்டி மகனுக்கும் ஒரு சீட் வாங்கிவிட்டோம். ஏழு மணி நேரத்துக்கு மேல் ஒரு வாலை மடியில் வைத்திருப்பதை நினைத்தால் அந்தக் காசு ஒரு பொருட்டே இல்லை.

செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் கொளவாய் ஏரி தண்டவாளத்தை ஒட்டியே வரும். அதைத் தாண்டினால் பாலாற்றுப் பாலம். மகள் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு பாலத்தின் தடதட சத்தத்துக்கு வாயாலேயே தாளம் போட்டாள். விழுப்புரம் தாண்டியதும் இருவருக்கும் சலிப்பு வந்துவிட்டது. பையிலிருந்த ஸ்டிக்கர் புத்தகம் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. கிரேயான்கள் சீட்டுக்கு அடியில் உருண்டு அடுத்த வரிசைக்குப் போயின. கடைசியில் என் கை போனைத் தேடியது. எதிர் சீட்டில் திருச்சிக்குப் போகும் ஒரு பாட்டி. "அத உள்ள வையி தம்பி, புள்ளைய இப்படிக் குடு" என்றார்.

மகனின் உள்ளங்கையை விரித்து, தன் முழங்கையை அதில் வைத்து "பருப்பு கடை, பருப்பு கடை" என்று கடைந்தார். அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம் என்று ஒவ்வொரு விரலுக்கும் சோறு ஊட்டினார். பிறகு இரண்டு விரல்கள் "நண்டூருது நரியூருது" என்று மெல்ல மெல்லக் கையில் ஏறி, அக்குளில் போய் நின்றன. அவன் சிரித்த சிரிப்பில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. அமைதி என்று சொல்ல முடியாதுதான். ஆனால் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. நம்மூரில் பிள்ளை சத்தம் போடுவது யாருக்கும் குற்றமில்லை, அழுதால்தான் ஆளுக்கு ஆள் எழுந்து வருவார்கள். திருச்சிக்குப் பிறகு வெளியே இருட்டு. ஜன்னல் வேலைக்கு ஆகவில்லை. நல்லவேளை, மணப்பாறை வருவதற்குள் இரண்டும் தூங்கிவிட்டன.

மதுரையில் நான் அதிகம் பயந்தது மீனாட்சி அம்மன் கோயில் வரிசையைத்தான். 2018-லிருந்து உள்ளே செல்போன் கொண்டுபோகத் தடை. வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இந்தப் பயணத்திலேயே பிள்ளைகள் தொந்தரவில்லாமல் இருந்த இடம் அதுதான். கேட்டால் கொடுப்பதற்குப் போனே இல்லை, அதனால் கேட்கவும் இல்லை. அதோடு சுற்றி நிற்கும் நூற்றுக்கணக்கானவர்கள் கையிலும் போன் இல்லை. பிள்ளைகள் பார்த்து ஏங்க எதுவும் இல்லை. தூணில் யாளியை யார் முதலில் கண்டுபிடிப்பது என்று ஒரு போட்டி வைத்தேன். யாளியின் வாய்க்குள் கல் உருண்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண்கள்தான் என்று சொல்லிவிட்டேன். "மிச்சம் பதினைந்து எங்கே?" என்பது பொற்றாமரைக் குளக்கரை வரை ஓடியது.

புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் போனோம். அனுமதி இலவசம், சிறுவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பேசினால் வாயில் விரல் வைக்கும் பழைய நூலகம் போல இருக்குமோ என்ற பயம் தேவையில்லை. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கும் மகளுக்குப் படப் புத்தகங்கள் நல்ல தீனி. மகனுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் பொறுமை இல்லை, அதற்கு நூலகம் என்ன செய்யும்?

படுத்தி எடுத்த இடம் ஒரு தனியார் மருத்துவமனை. அம்மாவின் கண் பரிசோதனைக்காகப் போயிருந்தோம். குழந்தைகளுக்கென்று ஒரு மூலையில் சறுக்குமரமும் வண்ண நாற்காலிகளும் உண்டு. நேர் மேலே டிவியில் சீரியல், முழுச் சத்தத்தில். டோக்கன் எண் கூப்பிடுவது காதில் விழவில்லை என்று வரவேற்பில் சொன்னால், "சத்தத்த குறைச்சா பேஷண்ட் கேக்குறாங்க சார்" என்றார்கள். சறுக்குமரத்தைத் தொடாமல் டிவியை வாய் பிளந்து பார்த்த மகன், அணைக்கச் சொன்னதும் தரையில் புரண்டான். மனைவி அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், வரும் ஆட்டோக்களை எண்ண வைத்தார். அப்படித்தான் அம்மாவின் முறை வரும் வரை ஓட்டினோம். அடுத்த பரிசோதனைக்குப் பிள்ளைகளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டுப் போனோம்.