போர்வெல் ஒயருக்கு ஒரு சைரன் பெட்டி: எட்டு மாத அனுபவம்

மூலனூர்ப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் முருங்கை. போர் இருப்பது வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி. போன ஐப்பசி மழையில் மூன்று நாள் தோட்டத்துக்குப் போகவில்லை. நாலாம் நாள் ஸ்டார்ட்டரை அமுக்கினால் மோட்டார் ஓடவில்லை. மோட்டார் ரூமிலிருந்து போர் வரைக்கும் போன 40 மீட்டர் ஒயரைக் காணோம். போர் வாயை ஒட்டி நறுக்கியிருந்தார்கள். பைப்பை மேலே தூக்கித்தான் ஜாயிண்ட் போட முடிந்தது. ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 13,500 ரூபாய்.

4 சதுர மில்லிமீட்டர் மூன்று கோர் (உள்ளே தனித்தனியாக மூன்று செம்பு இழை) ஒயரில் மீட்டருக்கு நூறு கிராம் செம்பு இருக்கும். ஆக, அவர்கள் கொண்டுபோனது நாலு கிலோ. அந்த நாலு கிலோவுக்காக எங்கள் முருங்கை எட்டு நாள் காய்ந்தது. பூவெல்லாம் கொட்டிவிட்டது.

அப்புறம்தான் தாராபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் ஒரு ரீவைண்டிங் கடையில் இந்தப் பெட்டியை வாங்கினேன். 4,600 ரூபாய். கரண்ட் இல்லாத நேரத்தில் பேட்டரியிலிருந்து துளி மின்சாரத்தை ஒயர் வழியாக மோட்டார் காயிலுக்கு அனுப்பித் திரும்ப வாங்கிக்கொண்டே இருக்கும். எங்கே அறுத்தாலும் சுற்று விட்டுப்போய் சைரன் அலறும், மூன்று நம்பருக்குப் போன் போகும். மாட்ட வந்த தம்பி என் போனை என் கையிலேயே கொடுத்து, "அக்கா, இப்பப் பாருங்க" என்று ஒரு முனையைக் கழற்றினார். கால் நிமிஷத்தில் போன் அடித்தது.

மாசியில் ஒரு ராத்திரி 1:40க்கு நிஜமாகவே அடித்தது. பக்கத்துத் தோட்டத்து மாமாவையும் எழுப்பிக்கொண்டு ஓடினோம். ஆள் இல்லை. ஒயரில் ஒரு கோர் மட்டும் அறுந்திருந்தது. கீழே பாதி ஆக்சா பிளேடு, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. 40 மீட்டரும் மிச்சம்.

குறையும் உண்டு. மோட்டார் கிளம்பும்போது வரும் அதிர்வில் திருகு தளர்ந்து மூன்று தடவை வெட்டியாக அலறியது. ஒயர் முனையில் லக் (திருகில் மாட்டும் உலோக முனை) வைத்து அமுக்கியதும் நின்றுவிட்டது. பெட்டி 2ஜி என்பதால் ஜியோ சிம் எடுக்காது. சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்தால் சைரன் மட்டும்தான், போன் வராது. தீர்ந்ததையும் அது சொல்லாது. இது பெரிய குறை, செய்கிறவர்கள் கட்டாயம் சரிபண்ண வேண்டும். நான் வெள்ளிக்கிழமைதோறும் பெட்டியின் நம்பருக்கு மிஸ்டு கால் கொடுக்கிறேன். உயிரோடு இருந்தால் மெசேஜ் வரும்.

ஒயர் ஒருமுறை போய்விட்டால் இந்தப் பெட்டியால் பிரயோஜனம் இல்லை. உறையை எரித்துவிட்டால் செம்பு யாருடையது என்று எவராலும் சொல்ல முடியாது. ஸ்டார்ட்டரில் பேர் வெட்டி வைக்கலாம், செம்பில் முடியாது. கரி படிந்த செம்பை ராத்திரி ஒருவன் மூட்டையாகக் கொண்டுவந்தால், எங்கிருந்து என்று காயலாங்கடைக்காரர் கேட்க வேண்டாமா? திருட்டுச் சாமான் என்று தெரிந்து வாங்குவதும் பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) சட்டம் 317ஆம் பிரிவில் குற்றம்தான். பாதிக் கடைகளாவது கேட்டால் எங்கள் ஒயர் பிழைக்கும்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கொழுந்தனார் போருக்கும் ஒன்று சொல்லியிருக்கிறோம், லக்கோடு மாட்டச் சொல்லி.