எட்மன்டன் குளிருக்கு எந்த பூட்ஸ்? தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அலசல்

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் மூணு போட்டோ அனுப்பி, "மாமா, இதுல எத வாங்கறது, சீக்கிரம் சொல்லு" என்று கேட்டிருந்தான். எண்ணூரில் வெல்டராக இருந்தவன், இப்போது கனடாவில் எட்மன்டனில் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்களாம். கோர்ஸ் முடித்து லைசென்ஸும் வாங்கிவிட்டான். அக்காவுக்குத்தான் தூக்கம் போய்விட்டது. "மான் மேல கை வெச்சா உள்ள தூக்கிப் போட்ருவாங்கடா!" அது இங்கே, 1972-ல் வந்த சட்டப்படி, அங்கே அதற்கென்று சீசன் இருக்கிறது, ஆளுக்கு இத்தனை என்று கணக்கு இருக்கிறது என்று புரியவைக்க ஒரு சாயங்காலமும் ரெண்டு டீயும் ஆனது.

தண்டையார்பேட்டைக்காரனுக்குப் பனி பூட்ஸ் பற்றி என்ன தெரியும்? கொஞ்சம் தெரியும். மீன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றின் ஃப்ரீசர் ரூமில் 17 வருஷமாக வேலை. வெளியே சித்திரை வெயில் 40 டிகிரி, உள்ளே மைனஸ் 18. முதல் ரெண்டு வருஷம் எங்களுக்குக் கொடுத்தது காசிமேட்டில் ஐஸ் பார் இழுக்கிறவர்கள் போடுகிற அதே சாதா கம்பூட்ஸ்தான். ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே போகாது. ஆனால் லோடிங்கில் வெயிலில் நின்று லாரி ஏற்றும்போதே கால் வேர்த்து சாக்ஸ் ஊறிவிடும். அதோடு உள்ளே போனால் கால் மணி நேரத்தில் விரல் நுனி மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்துவிடும். கிள்ளினால் தெரியாது. வெளியே வந்து சூடு ஏறும்போது படுகிற எரிச்சல் இருக்கிறதே, அதை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். சூப்பர்வைசரிடம் சொன்னால், "ரெண்டு சாக்ஸா போட்டுக்கோ" என்பார். போட்டோம். பருத்தி சாக்ஸ் ரெண்டு போட்டால் ரெண்டு மடங்கு வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். தண்ணி காற்றைவிடக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

அதனால் அக்கா மகனிடம் விலையைக் கேட்கவில்லை. "நீ நடப்பியா, குந்தியிருப்பியா?" என்று கேட்டேன்.

"இருட்டோட போயி மரத்து மேல பலகை கட்டிக்கினு குந்தணும் மாமா. நாலு மணி நேரம் அசையக் கூடாதாம்."

"அங்க போறதுக்கு எவ்ளோ நடக்கணும்?"

"அர மணி. முட்டி வரிக்கும் பனி."

முதல் போட்டோவில் இருந்தது அந்த ஊரில் பேக் பூட்ஸ் என்று சொல்கிற ரகம். கீழே ரப்பர் தொட்டி, மேலே தோல் அல்லது நைலான், உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கிற ஃபெல்ட் உறை. ஃபெல்ட் தெரியாதவர்கள் பழைய டெய்லர் தைத்த கோட்டின் காலரைப் புரட்டிப் பாருங்கள், அடியில் கெட்டியாக ஒரு கம்பளித் துணி இருக்கும். அதையே தடியாக, சாக்ஸ் வடிவத்தில் செய்தது போல. கீழே ரப்பர், மேலே தோல் என்கிற இந்த யோசனையை ஊரறியச் செய்தவர் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக்காரர் எல்.எல்.பீன். 1912-ல் வேட்டைக்காரர்களுக்குத் தபாலில் 100 ஜோடி விற்றார். தோலும் ரப்பரும் சேர்கிற இடத்தில் தையல் விட்டுப்போய் 90 ஜோடி திரும்பி வந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடன் வாங்கித் திருத்திச் செய்து மறுபடி விற்றார். இன்றைக்கும் பேக் பூட்ஸ் வாங்கினால் முதலில் விரலால் தடவிப் பார்க்க வேண்டியது அந்தத் தையல் ஓரத்தைத்தான்.

உட்கார்ந்திருப்பவனுக்கு இதை அடிக்க ஆளில்லை. ஃபெல்ட் தடிமனும், அதற்குள் அடைபட்ட காற்றும்தான் சூட்டைக் காக்கிறது. ராத்திரி உறையை உருவிக் காயப்போட்டால் காலையில் ரெடி. ஆனால் நடக்கிறவனுக்கு இதே பூட்ஸ் எமன். 1950 கடைசியில் கொரியப் போரில், சோசின் ஏரிப் பக்கம் அமெரிக்கப் படைக்கு இந்த ரகத்தைத்தான் கொடுத்திருந்தார்கள். மலை ஏறி நடக்கும்போது கால் வேர்த்தது, நின்றதும் அந்த வேர்வையே உள்ளே உறைந்தது. குண்டு படாமலே எத்தனையோ பேர் கால் விரலை இழந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு எங்கள் லோடிங் பே ஞாபகம்தான் வந்தது. அதற்குப் பிறகுதான் ரெண்டு ரப்பர் அடுக்குக்கு நடுவில் கம்பளியை வைத்து, வேர்வையும் அந்தக் கம்பளியைத் தொடாதபடி மூடிய வெள்ளை பூட்ஸ் வந்தது. மைனஸ் 51 வரை தாங்கும் என்று செய்தது. அதைப் போட்டுக்கொண்டு யானை மாதிரிதான் நடக்க முடியும் என்பதால் அவன் லிஸ்டில் சேர்க்கவில்லை.

ரெண்டாவது போட்டோ, முட்டி வரை வரும் ரப்பர் பூட்ஸ், உள்ளே நியோப்ரீன். நம்ம கம்பூட்ஸின் பணக்கார மச்சான். நியோப்ரீன் என்றால் கடலில் முக்குளிக்கிறவர்கள் போடும் சூட் துணி. உள்ளே கண்ணுக்குத் தெரியாத குமிழ்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடியது. 5 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று தடிமனைப் போட்டிருப்பார்கள். சேறு, ஓடை, சதுப்பு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதுதான். ரப்பரில் மனுஷ வாடை ஒட்டாது, மான் மோப்பம் பிடிக்காது என்பதற்காகவே இதை விரும்புகிற வேட்டைக்காரர்கள் உண்டு. குறை என்னவென்றால் உறையைக் கழற்ற முடியாது. உள்ளே நனைந்தால் ஒரு ராத்திரியில் காய்வது கஷ்டம். கணுக்காலில் பிடிப்பும் கிடையாது. 17 வருஷத்தில் நான் வழுக்கி விழுந்தது நாலு தடவை, நாலும் கயிறில்லாத பூட்ஸில்தான்.

மூணாவது, முழுத் தோல் பூட்ஸ். உள்ளே தண்ணி புகாத கோர்-டெக்ஸ் சவ்வு, அதோடு தின்சுலேட் என்கிற செயற்கைப் பஞ்சு. இதைப் பார்த்ததும் பெரியமேட்டில் ஷூ அப்பர் தைக்கிற நண்பனிடம் போட்டோவைக் காட்டினேன். அவன் பூட்ஸைப் பார்க்கவே இல்லை. நேராகக் கயிறுக்கு அடியில் இருக்கிற நாக்குத் துண்டைப் பெரிதாக்கிப் பார்த்தான். "நாக்கு ரெண்டு பக்கமும் எது வரிக்கும் சேத்து தச்சிருக்கான் பாரு. அது வரிக்கும்தான் வாட்டர்ப்ரூஃப். அதுக்கு மேல வெறும் அலங்காரம்." பத்து இஞ்ச் உயர பூட்ஸில் அந்தத் தையல் ஆறு இஞ்சோடு நின்றிருந்தது. முட்டி வரைக்கும் பனி என்று சொன்னவன் இதைத்தான் முதலாவதாக ஆசைப்பட்டிருந்தான்!

கோர்-டெக்ஸ் மோசமில்லை. 1969-ல் பாப் கோர், டெஃப்லான் வகைப் பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது கிடைத்தது அது. தண்ணித் துளி நுழையாது, ஆவி வெளியேறும் அளவுக்கு ஓட்டை. ஆனால் கடுங்குளிரில் அந்த ஆவி வெளியே வருவதற்குள் பஞ்சு அடுக்கிலேயே குளிர்ந்து தண்ணியாகிவிடும். மேல் தோல் ஊறிப்போனாலும் வழி அடைபட்டுவிடும். அதனால் மெழுகு தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தின்சுலேட்டில் 400 கிராம், 800 கிராம் என்று போடுவது ஒரு சதுர மீட்டர் பஞ்சின் எடை. பூட்ஸுக்குள் அவ்வளவு திணித்திருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. நடந்து தேடுகிற வேட்டைக்கு 200, 400 போதும். அசையாமல் உட்காருவதற்கு 1000, அதற்கு மேலும் போகிறார்கள். மலையேறி நடக்கிற ஆளாக இருந்திருந்தால் யோசிக்காமல் இதையே சொல்லியிருப்பேன். கணுக்காலை இறுக்கிப் பிடிப்பதில் மற்ற ரெண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

பெட்டி மேல் மைனஸ் 40 என்று போட்டிருப்பதை வைத்து மட்டும் வாங்காதே என்றும் சொன்னேன். எங்கள் சேஃப்டி ஷூவில் சி.ஐ. என்று ஒரு முத்திரை இருக்கும். மைனஸ் 17 டிகிரி அறையில் அரை மணி நேரம் வைத்து, உள்ளே பாதம் படும் இடத்தில் சூடு 10 டிகிரிக்கு மேல் இறங்காமல் இருந்தால் அந்த முத்திரை. முறையான டெஸ்ட்டே அரை மணிதான். இவன் உட்காரப்போவது நாலு மணி.

நாலாவதாக ஒரு யோசனையும் அவனுக்கு இருந்தது. துபாயில் இருந்த சித்தப்பா எப்போதோ கொண்டுவந்த ஜெர்மன் பூட்ஸ் ஒன்று பரணில் புதுசாகவே இருக்கிறதே, பார்சல் போட்டுவிடு என்றான். இறக்கினேன். தோல் பளபளவென்று இருந்தது. காலில் மாட்டி ரெண்டு எட்டு வைத்தேன், அடி சோல் பொரி உருண்டை மாதிரி உதிர்ந்து வீடெல்லாம் கொட்டியது. பாலியூரித்தேன் சோல் போடாமல் வைத்திருந்தாலும் காற்று ஈரத்தில் தானாகவே மட்கும். கடலோர வீட்டில் இன்னும் சீக்கிரம். அக்கா துடைப்பத்தோடு வந்து என்னைப் பார்த்த பார்வை வேறு கதை.

கடைசியில் பேக் பூட்ஸ்தான் என்று முடிவானது. அரை மணி நடைக்கு மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்று போட்டு, கயிற்றைத் தளர்த்தி, மெதுவாக நடக்க வேண்டும். மரத்தடிக்குப் போனதும் அதைக் கழற்றிப் பையில் இருக்கும் காய்ந்த தடித்த கம்பளி சாக்ஸை மாட்ட வேண்டும். பருத்தி பக்கமே போகக் கூடாது. கடைக்குச் சாயங்காலம் போ, அந்தத் தடித்த சாக்ஸைப் போட்டுக்கொண்டே போ, விரல் உள்ளே தாளம் போட இடம் இருந்தால்தான் வாங்கு என்றேன். இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். அப்புறம் எந்தப் பஞ்சும் காப்பாற்றாது. உறை ஒரு ஜோடி உபரியாக வாங்கச் சொன்னதற்குத்தான் கொஞ்சம் முனகினான்.

போன வாரம் போட்டோ வந்தது. மான் இல்லை. ஹீட்டர் காற்று வருகிற கம்பி மேல் ரெண்டு ஃபெல்ட் உறை குப்புறக் கவிழ்த்துக் காய்கிறது, பக்கத்தில் கம்பளி சாக்ஸ். கீழே ஒரு வரி: "மாமா, காலு சூப்பர். மூக்குதான் உறைஞ்சிட்ச்சி, அதுக்கு இன்னா வாங்கறது?"